நண்டு எங்கே தாளம் தப்பும்?

கிரேட் நிக்கோபார் தீவின் துறைமுகத் திட்டம் பற்றிய ஆவணங்களைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுபவை எண்கள். 166 சதுர கிலோமீட்டர் நிலம், அதில் 130 சதுர கிலோமீட்டர் காடு, வெட்டப்படவிருக்கும் 9.64 லட்சம் மரங்கள், எண்ணிப் பார்த்த 20,668 பவளத் தொகுதிகள், அவற்றில் பெயர்த்து வேறிடத்தில் நடப்படவிருக்கும் 16,150. இந்தத் திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பு 2022 ஜனவரியில் அந்தத் தீவின் கேம்பல் பேயில் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. எண்ணியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கடலுக்கடியில் மூழ்கிப் பவளத்தை எண்ணுவது லேசான வேலையும் அல்ல. என் சந்தேகம் எண்களுக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையின் மீது. எவை எவை இருக்கின்றன என்று பட்டியல் போட்டாயிற்று, அவை இன்று நன்றாகவே இருக்கின்றன, ஆகவே நாளையும் சமாளித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அது. உயிரியலில் இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் செல்லும் என்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதித்துப் பார்த்த ஓர் இடம் உண்டு. அது நண்டின் வயிறு.

நண்டு ஆயத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பையைத் தெரியும். ஓட்டைப் பிரித்ததும் கண்களுக்குப் பின்னால் இருக்கும்; குழம்பில் போடாமல் கிள்ளி எறிந்துவிடுவார்கள். நண்டும் சிங்கி இறாலும் வாயில் மெல்லுவது பாதிதான். மீதி வேலை இந்தப் பைக்குள் நடக்கிறது. உள்ளே நடுவில் ஒரு பல், இரு பக்கமும் இரண்டு பற்கள். மூன்றும் அம்மியும் குழவியுமாகச் சேர்ந்து இரையை அரைக்கும். பைக்குப் பின்புறம் ஒரு சல்லடை, அரைத்ததை வடிகட்டும். அரைவை நிதானமானது, ஒரு சுற்றுக்குப் பல விநாடிகள் பிடிக்கும். சல்லடையின் அசைவு வேகமானது, ஏறத்தாழ விநாடிக்கு ஒன்று. இந்த இரண்டு தாளத்தையும் போடுவது வயிற்றின் மேல் ஓடும் ரத்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருக்கும் கடுகளவு நரம்பு முடிச்சு. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் என்பார்கள். இந்த முடிச்சில் இருப்பவை 25 முதல் 30 வரை. முடிச்சை உடலிலிருந்து எடுத்து உப்புநீர்க் கிண்ணத்தில் வைத்தாலும் செல்கள் அதே வரிசையில் மணிக்கணக்காகத் துடித்துக்கொண்டிருக்கும். வயிறு இல்லை, தசை இல்லை, இரை இல்லை. தாளம் மட்டும் நிற்பதில்லை. நடை, நீச்சல், மூச்சு போன்ற திரும்பத் திரும்ப நிகழும் அசைவுகளுக்கான தாளத்தை நரம்புகள் வெளித்தூண்டல் இல்லாமல் தாங்களே உண்டாக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி குறைவு.

இந்த முடிச்சின் பெரிய வசதி, அதிலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும் பெயர் உண்டு என்பது. மனித மூளையில் ஒரு செல்லைக் காட்டி, இதே செல் அடுத்தவர் தலையில் எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. நண்டில் கிடைக்கும். இன்று ஒரு நண்டில் பார்த்த செல்லை நாளை இன்னொரு நண்டில் தேடிப் பிடித்து, அதே தசைக்குத்தான் போகிறதா என்று சரிபார்க்கலாம். டொனால்ட் மேனார்டு தொடங்கிவைத்த இந்த வேலையைக் கலிபோர்னியாவில் ஆலன் செல்வர்ஸ்டன் குழுவினர் சிங்கி இறாலில் முன்னெடுத்தார்கள். 1979-இல் ஒரு நுட்பமும் கைக்கு வந்தது: ஒரே ஒரு செல்லுக்குள் சாயத்தைச் செலுத்தி, ஒளி பாய்ச்சி, அதை மட்டும் கொன்றுவிடலாம். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து யார் யாரைத் தூண்டுகிறார், யார் யாரை அடக்குகிறார் என்ற இணைப்பு வரைபடத்தை வரைந்து முடித்தார்கள். முப்பது செல், முழுப் பட்டியல், முழு வரைபடம். இனி இந்த முடிச்சு என்ன செய்யும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அப்படி நடக்கவில்லை. பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டரும் அவரது துறையைச் சேர்ந்த மற்றவர்களும் காட்டியது வேறு. முடிச்சு ரத்தக் குழாய்க்குள் இருப்பதால் உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாம் அதன் மேல் படுகின்றன. வேறு நரம்புகளிலிருந்தும் பல வேதிப்பொருள்கள் வந்து சேர்கின்றன. எது வருகிறதோ அதற்கேற்ப அதே செல்கள், அதே இணைப்புகள், வேறு தாளத்தைப் போடுகின்றன. சல்லடைக் குழுவில் இருந்த செல் சற்று நேரத்தில் அரைவைக் குழுவோடு சேர்ந்துகொள்கிறது. வரைபடத்தில் பிழை எதுவும் இல்லை. அதிலிருந்து ஆட்டத்தைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். 2016-இல் மார்டருக்குக் கவ்லி பரிசு கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொண்ட மற்ற இருவரும் பாலூட்டிகளின் மூளையை ஆராய்ந்தவர்கள். முப்பது செல் முடிச்சு அந்த வரிசையில் உட்கார்ந்ததில் வியப்பில்லை.

அடுத்த அடி இன்னும் பலமானது. மார்டரின் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்ட்ரிட் பிரின்ஸும் டிர்க் புக்கரும் சல்லடைத் தாளத்தைப் போடும் வலையை எளிமையாக்கிக் கணினியில் கட்டினார்கள். செல்களின் தன்மைகளையும் இணைப்புகளின் பலத்தையும் மாற்றி மாற்றி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வலைகளை ஓட்டிப் பார்த்தார்கள். நிஜ விலங்கின் தாளத்தை எல்லா அளவிலும் ஒத்திருந்தவை நான்கு லட்சத்துக்கும் மேல். அவை ஒன்றுக்கொன்று உள்ளே முற்றிலும் வேறாக இருந்தன. வெளியே கேட்டது ஒரே தாளம். கட்டுரை வெளியானது 2004 டிசம்பர் இதழில். கேம்பல் பேக்கு அந்த மாதம் சுனாமிக்காக நினைவிருக்கும் என்பதை அறிவேன். கணினியில்தானே என்று தள்ளிவிட முடியாதபடி, இரண்டு ஆண்டுகளில் நிஜ நண்டுகளிலும் அளந்தார்கள். ஒரே பெயர் கொண்ட செல்லில், மின்னோட்டத்தை உள்ளும் வெளியும் விடும் ஒரே வகை மின்வாயில்களின் அளவு நண்டுக்கு நண்டு இரண்டு முதல் நான்கு மடங்கு வேறுபட்டது. சராசரி எடுத்து ஒரு ‘சராசரி நண்டு’ செய்தால், அப்படியொரு நண்டு கடலில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த வேறுபாடு எப்போது வெளியே தெரியும்? சூடேற்றும்போது. வட அட்லாண்டிக் நண்டு ஒன்றின் முடிச்சை 7 டிகிரியிலிருந்து 23 டிகிரி செல்சியஸ் வரை மெல்லச் சூடாக்கிய ஆய்வு 2010-இல் வந்தது. வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கானது. ஆனால் சுற்றுக்குள் எந்தச் செல் எந்த இடத்தில் அடிக்க வேண்டுமோ அந்த இடம் பிசகவில்லை. முதல் காலத்தில் தொடங்கி மூன்றாம் காலத்துக்குப் போன தவில் வித்வான் ஒரு அட்சரம்கூட நழுவவிடாததுபோல. இந்த எல்லை வரை எல்லா நண்டும் ஒன்றே என்று தோன்றும். அதைத் தாண்டியதும் தாளம் தப்புகிறது. தப்பும் விதம் ஒவ்வொரு நண்டுக்கும் வேறு. ஒன்றில் ஒரு செல் அமைதியாகிறது, ஒன்றில் சுற்று தாறுமாறாகிறது, ஒன்று சில டிகிரி கூடுதலாகத் தாங்குகிறது. சாதாரண நாளில் அவற்றை எத்தனை முறை எண்ணியிருந்தாலும், எவ்வளவு கவனமாகப் பார்த்திருந்தாலும், எது முதலில் விழும் என்று சொல்லியிருக்க முடியாது. இந்தக் கட்டுரையின் மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று வாசகரைக் கேட்டுக்கொள்வேன்: இன்று ஓடுகிறது என்பது, எங்கே நிற்கும் என்பதைப் பற்றிய தகவல் அல்ல.

இப்போது தீவுக்கு வருவோம். கிரேட் நிக்கோபாரில் வாழும் தேங்காய் நண்டு, நிலத்தில் வாழும் கணுக்காலிகளிலேயே உலகில் பெரியது. நான்கு கிலோ எடை வரை வளரும். வளர்ந்த நண்டு கடலில் விழுந்தால் மூழ்கிச் சாகும், ஆனால் முட்டையைக் கடலில்தான் விட வேண்டும். குஞ்சு சில வாரங்கள் அலையோடு மிதந்து, பிறகு காலி சங்கு ஒன்றைச் சுமந்துகொண்டு கரையேறுகிறது. நெடுந்தூரத்து வாசனையை உணர்ந்தே இரை தேடுகிறது; அதற்கான சிறு உணர்கொம்புகளைக் காற்றில் விட்டுவிட்டு அசைக்கிறது, அதுவும் ஒரு தாளம்தான். வளர்ச்சி மிக மெதுவானது. முழு உருவத்தை எட்ட நாற்பது ஆண்டுகள் ஆகலாம். இந்தக் கடைசித் தகவல் எண்ணிக்கையை எவ்வளவு ஏமாற்றும் என்று யோசித்துப் பாருங்கள். காட்டில் இன்று எண்ணப்படும் பெரிய நண்டுகள், இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் கரையேறிய குஞ்சுகள். இந்த ஆண்டு ஒரு குஞ்சுகூட கரையேறாமல் போனாலும் அந்த எண்ணிக்கை அடுத்த பத்தாண்டுக்குப் பெரிதாகக் குறையாது. பட்டியல் சரியாக இருக்கும். நண்டுக்கூட்டம் உள்ளே நின்றுபோயிருக்கும். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகளில் தோல் முதுகு ஆமை, நிக்கோபார் மேட்டுக்கோழி, உப்புநீர் முதலை ஆகியவற்றோடு இந்த நண்டுக்கும் பாதுகாப்புத் திட்டம் பேசப்படுகிறது. நல்லதே. அந்தத் திட்டம் எண்ணிக்கையோடு நின்றுவிட்டால் என்ன பயன் என்பதுதான் கேள்வி.

குளிர்கடல் நண்டின் முப்பது செல்லை வைத்துக்கொண்டு நிக்கோபாருக்குத் தீர்ப்பு எழுதுவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செல்வர்ஸ்டன் ஆராய்ந்த சிங்கி இறாலும் மன்னார் வளைகுடாவிலும் அந்தமான் கடலிலும் பிடிபடும் சிங்கி இறாலும் ஒரே பேரினம், பானுலிரஸ். ஆனால் என் வாதம் அந்த உறவில் மட்டும் நிற்கவில்லை. நண்டின் இதயமும் இப்படிப்பட்ட ஒரு முடிச்சின் ஆணைக்குத்தான் துடிக்கிறது, அதில் இருப்பவை ஒன்பதே செல்கள். ஜோனத்தன் ஸ்டில்மன் பசிபிக் கரையோரங்களில் பீங்கான் நண்டுகளின் இதயத் துடிப்பு எந்த வெப்பத்தில் தடுமாறுகிறது என்று அளந்து 2003-இல் வெளியிட்டார். பீங்கான் நண்டு நாம் குழம்பு வைக்கும் நண்டைவிடத் தேங்காய் நண்டுக்கே நெருங்கிய உறவு. அவர் கண்டது நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறு. வெப்பத்தில் வாழ்ந்து பழகிய இனங்கள் ஏற்கனவே தங்கள் உச்ச எல்லைக்கு மிக அருகில் இருந்தன. மேலும் பழகிக்கொள்ளும் திறனும் அவற்றுக்குத்தான் குறைவு. குளிர்கடல் நண்டுக்குக் கையிருப்பு அதிகம். வெப்பக் கடல் நண்டு கடைசிப் படியில் நிற்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் பிழை இருந்தால், அது நிக்கோபாரின் ஆபத்தைக் குறைத்துக் காட்டும் பிழையாகத்தான் இருக்கும்.

இன்னொரு வாதம் உணர்ச்சியோடு வருவது. 2004 சுனாமியில் தீவின் தென்முனையே நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது, இந்திரா முனையின் கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. பிறகு மணல் திரும்பியது, ஆமை திரும்பியது, நண்டும் இருக்கிறது. அதையே தாங்கியது இதைத் தாங்காதா? நண்டின் முடிச்சு இதற்கும் பதில் வைத்திருக்கிறது. 2018-இல் ஒரே இனத்து நண்டின் இதய முடிச்சையும் வயிற்று முடிச்சையும் அமிலத்திலும் காரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே வியப்பூட்டும் அளவுக்குத் தாங்கின. ஆனால் வயிற்று முடிச்சு அமிலத்துக்கு முதலில் தளர்ந்தது, இதய முடிச்சு காரத்துக்கு. ஒரே உடலுக்குள்ளேயே ஒன்றைத் தாங்கியது மற்றொன்றைத் தாங்கும் என்று சொல்ல முடியவில்லை. சுனாமி ஒரு நாளில் வந்து போனது. துறைமுகம் தூர்வாரல், இரவு விளக்கு, சாலைப் போக்குவரத்து, கலங்கிய நீர் என ஒவ்வொரு நாளும் இருக்கும். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் தேங்காய் நண்டுகளைக் கொல்வது புயலோ அலையோ அல்ல, பெரும்பாலும் வாகனச் சக்கரம். பழகிக்கொள்ளும் திறனை நான் மறுக்கவில்லை. சில வாரம் இளஞ்சூட்டில் வைக்கப்பட்ட நண்டின் தாளம் இன்னும் சற்று அதிக வெப்பம் வரை நீடித்ததும் ஆய்வில் தெரிந்ததே. அந்தத் திறனுக்கு அவகாசம் வேண்டும், எல்லையும் உண்டு. கூட்டத்தில் உள்ளுக்குள் வேறுபட்ட நண்டுகள் நிறைய இருந்தால்தான் சிலவாவது தப்பும்; கூட்டம் சிறுத்தால் அந்த வேறுபாடும் சிறுக்கும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. முப்பது செல்லைப் புரிந்துகொள்ள ஐம்பது ஆண்டு போதவில்லை என்றால், ஒரு தீவைப் புரிந்துகொண்ட பிறகுதான் கல் நாட்ட வேண்டும் என்பது எதையும் கட்டவே கூடாது என்று சொல்வதாகாதா? மலாக்கா நீரிணையின் வாயிலில் இருக்கும் தீவு, கேம்பல் பேயில் 2012 முதல் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, நாட்டின் பாதுகாப்புக் கணக்கு வேறு என்பார்கள். பாதுகாப்புக் கணக்கைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. தீவின் பழங்குடிகளான ஷோம்பென், நிக்கோபாரி மக்களின் உரிமை தனியாகவும் முதலாவதாகவும் பேச வேண்டியது, அதை நண்டோடு சேர்த்துச் சிறுமைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் ‘எல்லாம் தெரியும்வரை காத்திருக்க முடியாது’ என்ற வாதம், நண்டு ஆய்வில் நடந்ததைத் தவறாகப் படிக்கிறது. முடிச்சு ஏன் அப்படித் துடிக்கிறது என்பது இன்னும் முழுக்கத் தெரியாது. அது எந்த வெப்பத்தில் நிற்கும் என்பது தெரியும்! அதைக் கண்டுபிடிக்கப் பரமரகசியம் எதையும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. நீரை மெல்லச் சூடாக்கினார்கள், எங்கே தாளம் தப்பியது என்று குறித்துக்கொண்டார்கள், ஒன்றோடு நில்லாமல் பல நண்டுகளில் குறித்தார்கள். முழுமையான அறிவுக்கு நூறாண்டு ஆகலாம், உடையும் எல்லையை அளக்கச் சில பருவங்கள் போதும். நம்முடைய அனுமதி நடைமுறை பட்டியலுக்குப் பெரும் உழைப்பைச் செலவிட்டுவிட்டு, இந்த எளிய அளவையைக் கேட்பதே இல்லை என்பதுதான் என் குறை.

கேட்டால் செய்வதற்கு ஆளும் இடமும் உண்டு. தேங்காய் நண்டு சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் இருக்கிறது, அதை அறுத்துப் பார்க்க யாரும் அனுமதிக்கப் போவதில்லை, அனுமதிக்கவும் கூடாது. அறுக்கத் தேவையும் இல்லை. ஓட்டின் மேல் ஒரு சிறு அகச்சிவப்பு உணரியை ஒட்டினால் உள்ளே இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே அளக்கலாம். நண்டு ஆய்வில் பழகிய முறை இது. தேங்காய் நண்டின் நெருங்கிய உறவான நிலத்துச் சங்கு நண்டிலும், பாறையிடுக்குப் பீங்கான் நண்டிலும் கேம்பல் பே கரையிலேயே தொடங்கலாம். கரையேறும் குஞ்சுகளை ஆண்டுதோறும் கணக்கெடுப்பது இன்னும் முக்கியம், ஏனென்றால் கூட்டத்தின் துடிப்பு அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறையும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் கிளையும் இருக்கின்றன. இந்தப் பக்கக் கரையில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம் அறுபது ஆண்டுகளாக நண்டும் இறாலும் படிக்கிறது. தொடக்கத்தில் 72,000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட திட்டத்தில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சில தொட்டிகளும் சில உணரிகளும் கணக்கில்கூட வராது. நண்டின் வயிற்றை ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டுப் பழகிய நாடு நாம். லாபம் எங்கிருந்து வரும் என்று தெரியாததால்தான் அது ஆராய்ச்சி.

பவளத்துக்கும் இதே கேள்விதான். 16,150 தொகுதிகளைப் பெயர்த்து நட்டபின் அவற்றில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவார்கள். எண்ணட்டும். நடுவதற்கு முன், புதிய இடத்தின் கோடைக்கால வெப்பத்தில் அவை எந்த டிகிரியில் வெளுக்கின்றன, தொகுதிக்குத் தொகுதி எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்க வேண்டும். 2010-லும் 2016-லும் அந்தமான் பவளங்கள் வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலகம் முழுவதற்குமான நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. எல்லை எங்கே என்று தெரியாமல் இடம் மாற்றினால், கடைசிப் படியில் நிற்பதை இன்னொரு கடைசிப் படியில் கொண்டுபோய் நிறுத்தியிருப்போம். சுற்றுச்சூழல் அமைச்சகமும் திட்டத்தை நடத்தும் அந்தமான் நிக்கோபார் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகமும் அடுத்த கண்காணிப்பு அறிக்கையில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு பத்தியைச் சேர்க்கட்டும்: இந்த உயிர் எந்த வெப்பத்தில், எவ்வளவு கலங்கலில் தடுமாறுகிறது, எத்தனை விலங்குகளில் அளந்தீர்கள். அந்தப் பத்தியை ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் தமிழிலும் இந்தியிலும் நிக்கோபாரியிலும் எழுதி, கருத்துக்கேட்பு நடந்த அதே கேம்பல் பேயில் மக்கள் முன்னால் படித்துக் காட்டுங்கள்.